யானை மென்ற இலையும் தரையில் பூத்த பூவும்: கிழக்கு ஆப்பிரிக்கப் பாம்புச்செடி ஒன்றை அடையாளம் கண்ட கதை

பின்னணி

நைரோபியிலிருந்து மொம்பாசா போகும் நெடுஞ்சாலையில் பாதிக்குச் சற்று முன்னால் கிப்வேசி என்ற ஊர் வரும். மேற்கே சியூலு எரிமலைக் குன்றுகள். தென்கிழக்கே சாவோ தேசியப் பூங்காக்கள். இடைப்பட்ட செம்மண் பூமி முழுக்க வேலமும் கிளுவை இனங்களும் மண்டிய முட்புதர்க்காடு. ஆண்டுக்கு இரண்டு மழை: மார்ச்சிலிருந்து மே வரை நீண்ட மழை, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை குறுகிய மழை. இரண்டுமே பொய்த்துப்போகிற ஆண்டுகளும் உண்டு. அப்போதும் பச்சை மாறாமல் நிற்பவை கள்ளிகளும் பாம்புச்செடிகளும்தான்.

இந்தப் பகுதியின் வறண்ட நிலத் தாவரங்களைப் பட்டியலிடும் வேலையில் இருந்தார் ஒரு முதுகலை மாணவி. அவருக்கு வழிகாட்டியாக ஒரு பேராசிரியர், நைரோபியில் ஹெர்பேரியம் (உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம்) ஊழியர் ஒருவர், களத்தில் உடன் வந்த உள்ளூர் இளைஞர் ஒருவர். பின்னால் இன்னொருவரும் சேர்ந்துகொள்கிறார். உண்மையில் முடிச்சை அவிழ்த்தவர் அவர்தான். யாருடைய பெயரும் இங்கே இல்லை. செடி நின்ற இடத்தையும் வேண்டுமென்றேதான் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறேன். காரணம் உரிய இடத்தில் வரும்.

செடியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் நாம் வளர்க்கும் பாம்புச்செடி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே ஓர் இனம். நம்மூர் வேலியோரத்து மருளும் அதற்குச் சொந்தம்தான். ஆனால் வகைகள் மிகுதியாகக் குவிந்திருப்பது கென்யா, தான்சானியா, சோமாலியா, எத்தியோப்பியா பக்கம். தட்டை இலை, குழிந்த இலை, உருளை இலை, விசிறிபோல் இரண்டு வரிசையில் அடுக்கிய இலை என்று அங்கே எல்லாம் உண்டு. மனித மூதாதையரின் புதைபடிவங்களுக்குப் பேர்போன ஓல்டுவாய் பள்ளத்தாக்கின் பெயரே, அங்கு மண்டிக்கிடக்கும் இந்தச் செடிக்கு மசாய் மக்கள் சொல்லும் 'ஓல்டுபாய்' என்ற பெயரிலிருந்து வந்ததுதான்.

இந்த வகைகளை ஒழுங்குபடுத்த முதலில் பெருமுயற்சி எடுத்தவர் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த என். இ. பிரவுன். 1915-ல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 50-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அன்றைக்கு இந்தச் செடிமேல் அவ்வளவு அக்கறை காட்டியதற்குக் காரணம் அழகு அல்ல, நார். அந்த இனங்களில் பல, தோட்டத்துத் தொட்டியில் பூக்காமல் நின்ற செடிகளை வைத்தே விவரிக்கப்பட்டவை. எந்த நாட்டில், எந்த மண்ணில் எடுத்தது என்ற விவரம் பலவற்றுக்குச் சரியாக இல்லை. இன்றைய குழப்பத்தில் பாதி அங்கே தொடங்கியது என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி பெயர் மாற்றத்தால் வந்தது. 2014-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, சான்செவீரியா என்பது தனிப் பேரினம் அல்ல, டிரசீனாவுக்குள் அடங்கும் ஒரு கிளை என்று காட்டியது. 2018-ல் பெரும்பாலான இனங்கள் டிரசீனா என்ற பெயருக்கு மாற்றப்பட்டன. செடி வளர்ப்பவர்கள் இன்னும் சான்செவீரியா என்றுதான் சொல்கிறார்கள். களக் குறிப்பேடும் அப்படித்தான் சொல்கிறது என்பதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கண்டது

வறட்சிக் காலத்தின் கடைசி, குறுகிய மழைக்கு முன்பு. பெரிய வேல மரம் ஒன்றின் நிழலில், சருகுக்கு நடுவே, சின்னச் சின்ன இலைக்கொத்துகள் பத்துப் பதினைந்து சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நாலு முதல் எட்டு இலை. நீளம் ஒரு முழத்துக்குள். இலைகள் நேராக நிற்காமல் வெளிப்புறமாக வளைந்திருந்தன. மேற்பக்கம் ஆழமான வாய்க்கால், அடிப்பக்கம் உருண்டை, நுனியில் கையைப் பதம்பார்க்கும் முள். அடர்பச்சையில் வெளிர்பச்சைப் பட்டைகள் குறுக்கே ஓடின. தடவிப் பார்த்தால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரவென்று இருந்தது.

மாணவி எடுத்த குறிப்பு நன்றாகவே இருந்தது. மண், நிழல், அருகில் நின்ற மரங்கள், இலையின் குறுக்குவெட்டுப் படம் எல்லாம் இருந்தன. பக்கத் தாளில், விலங்குகளுக்கான பத்தியில், 'யானைச் சாணம், பழையது; மென்று துப்பிய நார் உருண்டைகள்' என்றும் ஒரு வரி இருந்தது. அது யானையைப் பற்றிய குறிப்பாக எழுதப்பட்டது. செடியைப் பற்றிய குறிப்பாக அதை யாரும் படிக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சியூலுவுக்கும் சாவோவுக்கும் இடையே யானைகள் நடமாடும் பூமி அது. வறட்சியில் புல் காய்ந்ததும் அவை பாம்புச்செடி இலைகளைப் பிடுங்கி மென்று, சாற்றை உறிஞ்சிக்கொண்டு, சக்கையைத் துப்பிவிடும். வெளுத்த நார் உருண்டைகள் வழியெல்லாம் கிடப்பது அங்கே சாதாரணக் காட்சி.

கழித்துக்கட்டல்

பூ இல்லாத நிலையில் செய்யக்கூடியது ஒன்றுதான்: எதெல்லாம் இல்லை என்று பார்ப்பது.

அந்தப் பகுதியில் அதிகம் தென்படுவது எஹ்ரன்பெர்கியை என்ற இனமும் அதன் நெருங்கிய உறவுகளும். அவற்றில் இலைகள் இரண்டே வரிசையில், ஒன்றன்மேல் ஒன்றாக விசிறிபோல் அடுக்கியிருக்கும். இங்கே இலைகள் சுற்றிலும் பரவியிருந்தன. எனவே அது இல்லை. ராஃபில்லியை, கான்ஸ்பிகுவா இரண்டும் தட்டை இலைக்காரர்கள், இல்லை. பிங்குயிகுலா என்று ஒன்று உண்டு. 1964-ல் பீட்டர் பாலி விவரித்தது. தரைக்குமேல் ஓடும் கொடித்தண்டின் நுனியில் புதுச்செடி தோன்றி, ஊன்றுகோல் போன்ற வேர்களின்மேல் நிற்பதால் 'நடக்கும் சான்செவீரியா' என்று அதைச் சொல்வார்கள். இங்கே தண்டு மண்ணுக்குள் இருந்தது, அதுவும் இல்லை.

மிஞ்சியவை இரண்டு: வோல்கென்சியை, சஃப்ரூட்டிகோசா. இரண்டுக்கும் குழிந்த, ஓரளவு உருண்ட இலைகள் உண்டு. சஃப்ரூட்டிகோசாவுக்கு இலைகள் சுற்றிலும் அமையும் வழக்கமும் உண்டு. ஆனால் சொரசொரப்பு பொருந்தவில்லை, நுனி முள்ளின் கடுமையும் பொருந்தவில்லை. 'சஃப்ரூட்டிகோசாவாக இருக்கலாம்' என்று கேள்விக்குறியோடு எழுதிவைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது என்று முடிவானது. ஒரு கொத்தைக்கூடப் பிடுங்கவில்லை. அப்போது அதற்கான அனுமதியும் முழுதாகக் கைக்கு வந்திருக்கவில்லை. கென்யாவில் ஆராய்ச்சி உரிமம் ஓர் இடம், மரபுவளத்தை எடுத்துச்செல்லும் அனுமதி இன்னோர் இடம் என்று அலைய வேண்டும். எரிச்சல் தருகிற நடைமுறைதான், ஆனால் இந்த நிகழ்வில் அந்தத் தாமதம் நன்மையே செய்தது.

மழைக்குப் பின் பூ

நவம்பரில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்தபின் உள்ளூர் இளைஞர் தகவல் அனுப்பினார்: தரையில் பூ வந்திருக்கிறது.

உண்மையிலேயே தரையில்தான். பாம்புச்செடியின் பூ என்றால் பெரும்பாலும் நீண்ட காம்பில் கதிராக நிற்கும். சில இனங்களில் கிளைத்த பெரிய பூங்கொத்தாக வரும். இங்கே காம்பே இல்லை என்று சொல்லும்படி, மண்ணிலிருந்து நேராக ஒரு பூத்தலை. உள்ளங்கை அகலம். நீண்ட குழல் கொண்ட வெள்ளைப் பூக்கள் நெருக்கியடித்து மேல்நோக்கி நின்றன. பகலில் எல்லாம் மொட்டு. பொழுது சாய்ந்தபின் ஒரு சுற்றுப் பூக்கள் விரிந்து, ஆறு இதழ்களும் பின்னோக்கிச் சுருண்டுகொண்டன. மணம் சில அடி தள்ளியே வந்தது. விடிவதற்குள் அன்றைய பூக்கள் தொய்ந்துவிட்டன. இந்தக் கூட்டத்தில் இரவுப் பூக்கள்தான் வழக்கம், விட்டில்களுக்காகப் பூப்பவை.

பூத்தலை எந்த இலைக்கொத்தின் நடுவிலும் இல்லை. கொத்துகளுக்கு இடையே, ஒரு சாண் தள்ளி, வெறும் மண்ணில் நின்றது. அதன் பக்கத்தில் சருகுக்கடியில் பிய்ந்துபோன நார்க்கட்டை ஒன்று இருந்ததை மாணவி படமெடுத்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் அது தெரிகிறது. குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. பூதான் அத்தனை கண்களையும் இழுத்துக்கொண்டது. இயல்புதான்.

புதிய இனமா?

பூவைக் கண்டதும் வோல்கென்சியை, சஃப்ரூட்டிகோசா இரண்டும் அடிபட்டுப்போயின, இரண்டுக்கும் கதிர்தான். பூக்கள் தலையாகத் திரளும் இனங்கள் சிலவே. அவற்றில் கடலோரப் பக்கத்து கிர்க்கியை என்ற இனம் தட்டையான, விளிம்பு நெளிந்த இலை கொண்டது. அதன் தலை நீண்ட காம்பின்மேல் நிற்கும். ஃபிஷரி என்ற இனத்துக்குத் தரையோடு ஒட்டிய தலை உண்டு. ஆனால் ஃபிஷரி என்றால் ஆளுயரத்துக்கு ஈட்டிபோல் நிமிர்ந்த ஒற்றை உருளை இலை. ஹெர்பேரியத் தாள்களில் ஒட்டியிருந்ததெல்லாம் அந்த உருளையின் துண்டுகள்தான். கிழக்கு ஆப்பிரிக்கத் தாவர நூல்வரிசையில் 2007-ல் வெளியான பகுதியைப் போன்ற நூல்களில், படிப்படியாகக் கேள்வி கேட்டு இனத்தின் பெயருக்கு அழைத்துப்போகும் அடையாளத் திறவுகோல்கள் முதிர்ந்த செடியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 'இலை ஒன்றே' என்ற படியில் இந்தச் செடி நின்றுபோனது.

பல இலைகள், குழிந்தவை, வளைந்தவை, பூத்தலை தரையில். இந்தச் சேர்க்கை எந்த நூலிலும் இல்லை. மாணவி 'புதிய இனம்' என்ற தலைப்பிலேயே ஒரு வரைவு தொடங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த சான்று அதைத்தான் சொன்னது.

புதிய இனத்தை வெளியிடுவது இன்று அவ்வளவு கஷ்டமும் இல்லை. 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் கட்டாயம் இல்லை, ஆங்கிலத்தில் வேறுபாட்டுக் குறிப்பு போதும். முறையான இணைய இதழில் பிடிஎஃப்பாக வந்தாலும் செல்லும். பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒரு வகைமாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பெயர் சட்டப்படி பிறந்துவிடும். பெயர் செல்லுபடியாவதும் அந்த இனம் உண்மையில் இருப்பதும் வேறு வேறு விஷயம் என்பதைத் தாவரப் பெயரிடல் விதிகள் கவனித்துக்கொள்வதில்லை. அது அவற்றின் வேலையும் இல்லை.

இதற்கிடையே வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவருக்கு எப்படியோ செய்தி போயிருக்கிறது. படத்தைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். செடி ஒன்றும் ஜிபிஎஸ் புள்ளியும் அனுப்பினால் தானே வளர்த்து, விவரித்து, மாணவியின் பெயரையும் சேர்த்து வெளியிடுவதாகச் சொன்னார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

எடுத்த முடிவுகள்

பேராசிரியர் அன்றைக்கு எடுத்த முடிவுகள் சில. அவற்றின் காரணங்களையும் அவர் எழுதிவைத்திருந்தார் என்பதால்தான் இந்தப் பதிவே சாத்தியமானது.

முதலாவது, வரைவை நிறுத்திவைப்பது. இலைக்கொத்துக்கும் பூத்தலைக்கும் உள்ள தொடர்பை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கிறது என்பதால் ஒரே செடி ஆகிவிடாது. இரண்டு இனங்கள் ஒரே நிழலில் பின்னிக்கிடப்பது இந்தக் காட்டில் சகஜம். எனவே மண்ணுக்குள் கிடையாக ஓடும் மட்டத்தண்டைத் தோண்டித் தொடர்பைப் பார்க்கும்வரை பெயர்ப் பேச்சு வேண்டாம் என்றார்.

அடுத்தது, சேகரிப்பாளருக்குச் செடியும் இல்லை, புள்ளியும் இல்லை. அனுமதியில்லாமல் செடியை நாட்டைவிட்டு அனுப்புவது குற்றம் என்பது ஒரு காரணம். அரிய சதைப்பற்றுச் செடி இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் அடுத்த பருவத்தில் அங்கே குழி மட்டும்தான் மிஞ்சும் என்பது இன்னொன்று. சேகரிப்பாளர்மேல் தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் ஒருவருக்குச் சொன்னது ஒருவரோடு நிற்காது. பொதுப் பதிவுகளில் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதில்லை என்றும் அப்போதே முடிவானது.

மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமே என்று மாணவி கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் பாம்புச்செடிகளில் அது நினைத்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. இந்தக் கிளை அண்மைக் காலத்தில் வேகமாகப் பல இனங்களாகப் பிரிந்தது என்று 2022-ல் வெளியான பசுங்கணிக மரபணு ஆய்வு காட்டியது. பூங்கொத்தின் வடிவை வைத்து வகுத்த பழைய மூன்று பிரிவுகளும் அந்த மரபணு மரத்தோடு முழுக்கப் பொருந்தவில்லை. நெருங்கிய இனங்களைச் சிறு மரபணுத் துண்டை வைத்துப் பிரிப்பது கடினம். பணத்தை அதில் போடுவதற்கு முன் மண்வெட்டியை எடுப்போம் என்பது அவருடைய வாதம்.

கூடை முடைபவர்

அனுமதி வந்தது. தோண்டப் போன அன்று, மதிய வெயிலுக்காகப் பக்கத்து வீட்டில் ஒதுங்கினார்கள். கம்பா இனத்தைச் சேர்ந்த வயதான பெண்மணி ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். அவர் வீட்டைச் சுற்றி முள்வேலி. வேலியை ஒட்டி உள்பக்கமாக ஆளுயர உருளை இலைகள் கம்பு நட்டதுபோல் நின்றன.

மாணவி அவற்றின் பெயரைக் கேட்டார். பெண்மணி பதிலுக்கு, "அந்த மரத்தடியில் ஏன் தினம் வந்து உட்காருகிறாய்? அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். மாணவி கைபேசியில் இலைக்கொத்தின் படத்தைக் காட்டினார்.

"இது குட்டிதானே அம்மா. நான் அங்கேயிருந்துதான் கொண்டுவந்து இங்கே நட்டேன். அங்கே வளரவிட மாட்டான் யானை. பெரிசானதும் பிடுங்கிவிடுவான். குட்டியைத் தொட மாட்டான், முள் குத்தும்."

அப்புறம் எழுந்துபோய் வேலியோரத்தில் ஓர் இலையின் அடியைக் காட்டினார். உருளை இலைக்குப் பக்கத்திலேயே, அரை முழம் தள்ளி, வளைந்த குழிந்த சின்ன இலைகளோடு ஒரு கொத்து. அதற்கும் அடுத்து, இரண்டுக்கும் நடுவாந்தரமாக, மூன்றே இலைகளோடு நிமிரத் தொடங்கிய ஒன்று. கத்தியால் ஒரு முதிர்ந்த இலையை அறுத்து, நீளவாக்கில் கிழித்து, பலகையில் வைத்துச் சுரண்டி வெள்ளை நாரையும் எடுத்துக் காட்டினார். குட்டி இலையில் நார் கட்டை, எதற்கும் ஆகாது என்றாராம். அவரைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு கூடைக்கு உதவுமா உதவாதா என்பது. குழுவுக்கு அதுவே விடை.

தோண்டியதில் தெரிந்தது

மரத்தடியில் பூத்தலை இருந்த இடத்தில், அது வாடிக் காய் பிடிக்கத் தொடங்கியிருந்தபோது, ஒரு பக்கமாக மண்ணை விலக்கினார்கள். முழுச் செடியையும் பிடுங்கவில்லை. கை மொத்தத்தில் ஆரஞ்சு நிற மட்டத்தண்டு ஒன்று கிடையாக ஓடியது. அதன் ஒரு கணுவில் இலைக்கொத்து. ஒரு முழம் தாண்டி அடுத்த கணுவில் இன்னொரு கொத்து. அதற்கு அடுத்த கணுவில் பூத்தலை. அதை ஒட்டி, நவம்பர்ப் படத்தின் ஓரத்தில் தெரிந்த நார்க்கட்டை. மண்ணுக்குள் இருந்த அதன் அடிப்பகுதி சேதமில்லாமல் இருந்தது. குறுக்கே வெட்டினால் வட்டம். வாய்க்கால் இல்லை. உருளை இலையின் அடி அது.

ஒற்றை இலையை யானை பிடுங்கிவிட்டது. இலை போனாலும் குருத்து சாகவில்லை, மழை வந்ததும் பூத்தது. முள் குத்தும் குட்டிகளை யானை விட்டுவைத்தது. ஆகவே அந்த நிழலில் பார்க்கக் கிடைத்ததெல்லாம் குட்டியின் இலையும் பெரியதன் பூவும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உலகில் இல்லாத ஒரு செடி கிடைக்கிறது.

பழைய ஏடுகளில் இதே கதை

ஹெர்பேரியம் ஊழியர் பழைய வெளியீடுகளைத் தேடியதில் சுவையான ஒன்று கிடைத்தது. ஃபிஷரி என்ற இனம் அறிவியலுக்குள் நுழைந்ததே தவறான வாசல் வழியாகத்தான். 1898-ல் ஜே. ஜி. பேக்கர் இதற்குப் பெயர் வைத்தபோது இதை பூஃபோன் என்ற பேரினத்தில் சேர்த்தார். பூஃபோன் என்பது வெங்காயத்தின் குடும்பத்தைச் சேர்ந்த குமிழ்ச் செடிகளின் பேரினம். அவற்றில் இலையில்லாமலே பூத்தலை வரும். இலையைப் பார்க்காமல் தரையில் நிற்கும் பூத்தலையை மட்டும் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். 1911-ல் என். இ. பிரவுன் ஒற்றை இலைச் செடியை வைத்து சிங்குலாரிஸ் என்று தனியாக ஒரு பெயர் வைத்தார். இலைக்கு ஒரு பெயர், பூவுக்கு ஒரு பெயர் என்று இரண்டும் வேறு வேறு குடும்பங்களில் பல பத்தாண்டுகள் இருந்தன. 1986-ல் மரே என்பவர்தான் இரண்டும் ஒன்றே என்று கண்டு, முந்தைய பெயரை சான்செவீரியாவுக்குள் கொண்டுவந்தார். டிரசீனாவுக்கு மாறியபின் சிங்குலாரிஸ் என்ற பெயர் மீண்டும் வழக்குக்கு வந்திருக்கிறது.

மூல மாதிரிகளோடு ஒப்பிடுவது கிழக்கு ஆப்பிரிக்கச் செடிகளில் எப்போதும் லேசல்ல. ஜெர்மானியர் அந்தப் பக்கம் சேகரித்தவற்றில் பெரும்பங்கு பெர்லினில் இருந்தது. 1943-ல் குண்டுவீச்சில் அந்த ஹெர்பேரியம் எரிந்தது. சதைப்பற்றுச் செடியைத் தாளில் அழுத்திக் காயவைப்பதும் சிரமம் என்பதால், மிஞ்சிய தாள்களிலும் பெரும்பாலும் துண்டு இலைதான் இருக்கும். குட்டிப் பருவத்தைச் சேகரித்து ஒட்டியவர்கள் குறைவு. பூக்காத சின்னச் செடியை யார் சுமப்பார்கள்?

ஒரு சந்தேகம் மட்டும் தீர்க்க வேண்டியிருந்தது. ஸ்டக்கியை என்ற இனமும் உருளை இலை, தலைப் பூங்கொத்து கொண்டதுதான். அது மொசாம்பிக், சிம்பாப்வே பக்கத்தது. அதன் முதிர்ந்த இலையில் உட்பக்கமாக ஒரு வாய்க்கால் இருக்கும். வேலியோரத்து இலைகளில் அது இல்லை. சுற்றிலும் ஆழமில்லாத நீளக் கோடுகள் மட்டும். ஆகவே ஃபிஷரி. இடையில் ஒன்று: நர்சரிகளில் 'ஸ்டக்கி' என்று விற்பவை பெரும்பாலும் வேறொரு உருளை இலை இனத்தின் வெட்டித் துளிர்க்கவைத்த துண்டுகள். அவற்றை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டாம்.

எழுதிய விவரணை

புதிய பெயர் இல்லை என்றானபின் விவரணையே தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம். பேராசிரியர் நேர்மாறாக நினைத்தார். புதிய இனத்துக்கு எழுதியிருக்கக்கூடிய அளவு முழுமையாகவே எழுதச் சொன்னார், மூன்று பருவமாகப் பிரித்து.

குட்டிப் பருவம்: நாலு முதல் எட்டு இலை, சுற்றிலும் பரவி வெளிப்புறம் வளைந்தவை, மேற்பக்கம் ஆழக் குழிவு, குறுக்குப் பட்டைகள் தெளிவு, விளிம்பில் செம்பழுப்புக் கோடும் அதன்மேல் காய்ந்த வெள்ளைச் சவ்வும், சொரசொரப்பு.

நடுப்பருவம்: இரண்டு மூன்று இலை, நிமிரத் தொடங்கியவை. குழிவு அடியில் மட்டும் மிஞ்சி மேலே மூடிக்கொண்டு வரும். இந்தப் பருவம்தான் எந்தத் தாளிலும் இல்லாதது. வேலியோரத்தில் கிடைத்தது இரண்டே குருத்து. அவற்றை வெட்டாமல், நின்ற நிலையிலேயே அளந்து, குறுக்கு அளவுகளைக் கம்பி வளைத்து எடுத்தார்கள்.

முதிர்ந்த பருவம்: இலை ஒன்று, அரிதாக இரண்டு; உருளை; ஒன்று முதல் இரண்டு மீட்டர்; தடிமன் இரண்டு முதல் நான்கு செ.மீ.; பட்டைகள் மங்கியவை; நீளக் கோடுகள்; நுனி கடினமான முள். பூத்தலை இலையின் அடியை ஒட்டித் தரைமட்டத்தில். பூ வெள்ளை, வெளிப்புறம் லேசான ஊதாச் சாயல். மாலைக்குப் பின் விரியும். பழம் உருண்டை, பழுத்தால் ஆரஞ்சு.

பூக்களைச் சாராயத்தில் போட்டுப் பாதுகாத்தார்கள். தாளில் அழுத்தினால் குழலின் வடிவம் போய்விடும். இலையைக் குறுக்கு வில்லைகளாகவும் உள்சதை சுரண்டிய நீளப் பட்டைகளாகவும் காயவைத்தார்கள். எந்தத் துண்டு இலையின் எந்த உயரத்திலிருந்து வந்தது என்பது ஒவ்வொரு சீட்டிலும் எழுதப்பட்டது. இதைப் பலர் செய்வதில்லை.

விளைவு

மாதிரிகள் நைரோபியில் உள்ள கிழக்கு ஆப்பிரிக்க ஹெர்பேரியத்தில் சேர்க்கப்பட்டன. குட்டிக் கொத்தும், பூத்தலையும், இரண்டையும் இணைக்கும் மட்டத்தண்டுத் துண்டும் ஒரே எண்ணின்கீழ் இருக்கின்றன. தாளின் ஓரத்தில், முதிர்ந்த இலை யானையால் பிடுங்கப்பட்டது என்ற குறிப்பும் உண்டு. வேலியோரச் செடியின் இலை தனி எண்ணில், 'அதே இடத்திலிருந்து கொண்டுவந்து நட்டது, உரிமையாளர் சொன்னபடி' என்று இருக்கிறது. நட்டவர் சொல்லைச் சான்றாக எழுதிச் சேர்த்ததில் ஹெர்பேரியத்தில் ஒருவருக்கு உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால் அந்தச் சீட்டில் மிக முக்கியமான வரியே அதுதான்.

மாணவியின் ஆய்வேட்டில் புதிய இனம் என்ற அத்தியாயம் போய், பருவ மாற்றமும் யானை மேய்ச்சலும் என்ற அத்தியாயம் வந்தது. அதன்பின் பழைய களப் படங்களைத் திரும்பப் புரட்டியதில், சஃப்ரூட்டிகோசா என்று கேள்விக்குறியோடு பதிவான வேறு சில கொத்துகளும் ஃபிஷரியின் குட்டிகளே என்று தெரிந்து திருத்தப்பட்டன. சேகரிப்பாளருக்கு முடிவைத் தெரிவித்தார்கள். அவர் ஏமாற்றத்தோடு நன்றி சொன்னார், தன்னிடம் தொட்டியில் வளரும் இரண்டு 'பெயர் தெரியாத' கொத்துகளின் படத்தையும் அனுப்பினார். இரண்டுமே பல ஆண்டாகச் சின்னதாகவே இருக்கின்றனவாம். தொட்டியில் அடைபட்ட பாம்புச்செடி குட்டிப் பருவத்திலேயே நெடுநாள் நின்றுவிடுவதுண்டு.

அடுத்த முறை என்ன மாறும்

களப் படிவத்தில் விலங்குக்குத் தனிப் பத்தி, செடிக்குத் தனிப் பத்தி என்றிருந்ததை மாற்றிவிட்டார்கள். இப்போது 'இந்தச் செடியில் எந்தப் பாகம் இல்லை, ஏன்?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. மேய்ச்சல், வெட்டு, தீ, பூச்சி எதுவானாலும் அங்கே எழுத வேண்டும். செப்டம்பரிலேயே இந்தக் கேள்வி இருந்திருந்தால் நார் உருண்டைகள் யானைப் பத்தியில் கிடந்திருக்காது.

பூவும் இலையும் ஒரே மட்டத்தண்டில் இருப்பதைக் கண்ணால் காணாமல் இரண்டையும் ஒரே எண்ணில் சேர்ப்பதில்லை என்பது இப்போது விதி. தோண்ட அனுமதி இல்லாத இடத்தில் 'தொடர்பு பார்க்கப்படவில்லை' என்று எழுதினால் போதும்.

பக்கத்து வீடுகளில் விசாரிப்பது முன்பு வேலை முடிந்தபின் நேரம் இருந்தால் நடப்பது. இனி அது முதல் வாரத்து வேலை. நார் எடுப்பவர், மருந்துக்குப் பறிப்பவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்குச் செடியின் எல்லாப் பருவமும் தெரிந்திருக்கும். ஆய்வாளர் பார்ப்பது ஒரு பருவத்தைத்தான். கேட்பதற்கு ஒரு முறையும் வகுத்திருக்கிறார்கள்: முதலில் பெயரைக் கேட்காமல், 'இது வளர்ந்தால் எப்படி ஆகும்?' என்று கேட்பது.

திறவுகோலைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஃபிஷரிக்கு இரண்டு படிகளில் இடம் கொடுத்தாலே போதும்: 'இலை ஒன்று' என்ற படியிலும், 'பல இலை, குழிந்தவை, சொரசொரப்பு, பூ தரைமட்டத்தில்' என்ற படியிலும். பல நாட்டுத் தாவர நூல்களில் பருவத்துக்குப் பருவம் உருமாறும் செடிகளுக்கு இப்படி இரு வாசல் வைக்கும் வழக்கம் உண்டு. மாணவி தன் ஆய்வேட்டின் பிற்சேர்க்கையில் அப்படி ஒரு திறவுகோலை எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்த வட்டாரத்துக்கு மட்டும்தான், ஆனால் வேலை செய்கிறது.

மரத்தடியில் இருந்த கொத்துகளில் ஒன்று இன்னும் கணக்கில் வரவில்லை. மற்றவற்றின் மட்டத்தண்டோடு அது சேரவில்லை; இலையில் சொரசொரப்பும் குறைவு. அதைத் தோண்டாமல் விட்டு, சுற்றி முள்வேலி போட்டிருக்கிறார்கள். பட்டியலில் அதன் இடத்தில் 'சான்செவீரியா, இனம் தெரியவில்லை, குட்டிப் பருவம்' என்று இருக்கிறது.